பார்சலுக்குள் பிரதி வைக்க வேண்டுமா? கண்டி நகரத்துச் சபையின் ஊழிய வாரம்

பதுளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"நாளையிலிருந்து உங்கள் சபையில் சமூக ஊழிய வாரம் என்று கேள்விப்பட்டேன். உலர் உணவு கொடுக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், படிவம் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் சுவிசேஷத் துண்டுப் பிரதி ஒன்றுகூடக் கொடுக்க மாட்டீர்களாமே. ஜெபமும் அவர்களாகக் கேட்டால்தானாம். அப்படியானால் சாவு வீட்டுக்குக் கைகொடுக்கும் மரணாதாரச் சங்கத்துக்கும் சபைக்கும் என்ன வித்தியாசம்?"

2025 ஜூலை 6, ஞாயிறு இரவு

ஆமாம், கொடுக்க மாட்டோம். பயந்து எடுத்த முடிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

எங்கள் ஆலயம் கண்டி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் படி இறங்கினால் நகரசுத்தித் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள். ஊரைக் கூட்டித் துடைக்க வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அதையொட்டி, தோட்டத்தை விட்டு இறங்கி வந்து கடைகளில் வேலைக்கு நிற்கும் இளம் குடும்பங்கள், ஒற்றை அறை வாடகையில். அதே ஒழுங்கையில் முஸ்லிம் வீடுகளும் சிங்கள வீடுகளும் உண்டு. கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

பசியோடு இருப்பவன் கையில் அரிசியைக் கொடுத்துவிட்டு அதே கையில் பிரதியையும் திணித்தால் இரண்டையும் வாங்கிக்கொள்வான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழி இல்லை. வழி இல்லாதவனிடம் வாங்குகிற சம்மதத்தைச் சுவிசேஷம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் வருகிறார்கள். பத்துப் பேரும் சுகமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே. எனக்கு அது போதும்.

அதே இரவு, கொஞ்சம் பிந்தி

"சட்டத்துக்குப் பயந்துதானே?" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சட்டக் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையின் கூட்டிணைப்புச் சட்டமூலம், அதாவது அவர்களைச் சட்டப்படி ஓர் அமைப்பாக ஏற்கும் சட்டமூலம், உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சமூகப் பணியையும் மதம் பரப்புவதையும் ஒன்றாகச் சேர்த்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனார்கள். அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என்று அந்தக் குழு 2005இல் முடிவு சொன்னது. இடையில் 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றும் வந்தது, அது சட்டமாகவில்லை.

பிள்ளைகளுக்குப் படிப்பித்து, நோயாளிகளைப் பார்த்த சகோதரிகளைச் சந்தேகத்தோடு பார்த்தது அநியாயம் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். ஆனால் சந்தேகம் நீதிமன்றத்தில் மட்டும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மனிதரின் மனதிலும் இருக்கிறது. அவர் நம்முடைய அயலான். தீர்ப்புக்காக இல்லை, அவருக்காகத்தான் பார்சலையும் பிரதியையும் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு முழுக்கப் பட்டியல் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அரிசி நிறுத்துக் கட்டுவதுதான் வேலை என்று தோன்றும். யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பெரிய வேலை. போதகர் ஐயாவோ நாங்களோ பட்டியல் போட்டால் சபைக்கு வருகிற முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் ஒழுங்கையிலேயே இருக்கும் மூன்று பெண்களிடம் அந்தப் பொறுப்பை விட்டோம். ஒருவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் எங்கள் சபை. மூவரும் சேர்ந்து சரி என்றால்தான் ஒரு வீடு பட்டியலில் ஏறும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கந்தோருக்கும் தெரியாது.

பார்சலில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே மாற்றினார்கள். நாங்கள் எழுதி வைத்தது நாட்டரிசி, பருப்பு, சீனி, தேயிலை, நெத்தலி, சவர்க்காரம். அவர்கள் முதல் வேலையாகப் பெண்பிள்ளைகளுக்கான நாப்கினைத் தலைப்பில் எழுதச் சொன்னார்கள். கமிட்டியில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் எழுதினார்கள். தேங்காய் இந்த வருடம் 200 ரூபாயைத் தாண்டியதால் அதை விட்டிருந்தோம். அங்கே இருந்த ஆச்சி ஒருவர் சொன்னார்: "டீச்சர், சீனியக் குறைச்சாச்சும் தேங்கா ஒன்னு போடுங்க. வெறுந்தண்ணியில வெந்த பருப்ப எத்தன நாள்தான் திங்கிறது?" போட்டோம்.

மண்டபத்தில் வரிசை இல்லை, பதாகை இல்லை, படம் எடுப்பதும் இல்லை. சாதாரணக் கடைப் பையில் வைத்து, இருட்டின பிறகு அந்தப் பெண்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடையில் வாங்கி வந்த சாமான் மாதிரியே வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அவர்களுடைய யோசனைதான்.

ஜூலை 8, செவ்வாய்

படிவ மேசை. காலையில் போட்ட மேசை பொழுது சாய்ந்துதான் எழும்பியது.

இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு பொடியன் வந்தான். கலஹாப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன் (நானும் அந்தப் பக்கம்தான், ஊர்ப் பெயரைக் கேட்டதும் பாசம் பொங்கிவிட்டது), இப்போது இங்கே ஒரு புடவைக் கடையில் வேலை. அடையாள அட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது என்றால் அதிபர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் இருந்தால் தோட்டத் துரை (முகாமையாளர்), மற்றவர்களுக்குக் கிராம சேவகர். இவன் பள்ளியை இடையில் விட்டவன், தோட்டத்தை விட்டும் இறங்கிவிட்டான், இங்கே வாடகை அறைக்குக் கடதாசி எதுவும் இல்லை. தோட்டத்தில் "நீதான் போய்ட்டியே" என்கிறார்கள். இங்கே "நீ இந்தப் பிரிவு ஆள் இல்லையே" என்கிறார்கள். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் நிரந்தர வேலை இல்லை. வயது இருபது. நாட்டில் எங்கும் பதியப்படாத ஆளாக நிற்கிறான்.

1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தமிழ் மக்களின் பிள்ளைகளுக்குக் கடதாசி என்பது வெறும் கடதாசி இல்லை. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 150,000 பேரின் கதையை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்று மிஞ்சியிருந்தவர்களுக்கும் வழி விட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. என் அப்பா ஒரு தகரப் பெட்டியில் எல்லாத் துண்டுகளையும் வைத்துப் பூட்டியிருப்பார், கரண்டுப் பில் உட்பட. அது ஏன் என்று இந்த மேசையில் உட்கார்ந்தால் விளங்கும்.

அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பற்றியும் நிறையப் பேர் வந்தார்கள். 2023இல் தொடங்கியபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்று நான்கு படி. எந்தப் படியில் நம்மைப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்டு எழுதவும் ஆள் வேண்டும். தோட்டத்து லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். மேன்முறையீட்டுக்குப் பதில் வந்ததா என்று தெரியாமலே காலக்கெடு முடிந்துபோன ஒரு குடும்பத்தை இன்று சந்தித்தோம். இவர்களுக்கு எந்தப் பிரதியைக் கொடுப்பது, பதுளை அண்ணா? முதலில் முகவரி ஒன்று வேண்டும். ஆலய முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள், கடிதம் வந்தால் கொண்டுவந்து தருகிறோம் என்று போதகர் ஐயா சொல்லிவிட்டார்.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரி. மலைநாட்டில் எங்கே கடும் வருத்தம் என்றாலும் கடைசியில் கண்டிக்குத்தான் அனுப்புவார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். கூட வந்தவருக்கு என்ன கிடைக்கும்? கடைசி பஸ் போன பிறகு நடைபாதையில் ஒரு மூலை. அதனால் ஞாயிறு பள்ளி மண்டபத்தில் பாய் விரித்து, இரவு தங்க இடமும் பாணும் சம்பலும் பிளேன்டியும் கொடுக்கிறோம். இது வருடம் முழுக்க நடக்கிறது, இந்த வாரத்தில் கொஞ்சம் பெரிதாக.

ஹட்டன் பக்கமிருந்து வந்த தாத்தா ஒருவர். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று ஓர் அரச ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு விளங்கவில்லை, கேட்கவும் கூச்சம், தலையை ஆட்டிவிட்டார். விடிய ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார். பரிசோதனை இல்லை, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். கூட வந்த மகள் கொழுந்து எடுக்கிறவர். ஒரு நாள் பேர் (நாட்கூலி) போய் 1,350 ரூபாய் போச்சு, பஸ் காசு வேறு. தமிழும் 1987இலிருந்து அரச கரும மொழிதான். அந்தச் சட்டத்தைத் தாத்தாவின் காதுவரை கொண்டுபோக அங்கே ஆள் இருக்கவில்லை.

சிங்களம் சரளமாகப் பேசுகிற எங்கள் இளைஞர்கள் கிளினிக் வாசலில் நின்று "என்ன சொன்னாங்க, துண்டைக் காட்டுங்க" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் ஊழியம். நான் இந்த வாரத்தில் பார்த்ததிலேயே மிகவும் உபயோகமான வேலை அது.

ஒரு தாய், நெற்றி நிறையத் திருநீறு, மகனுக்கு ஒப்பரேஷன். நான் எழும்பிப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உங்க சாமிக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அங்கேயே நின்று ஜெபித்தேன். அவர் கேட்டார், நான் செய்தேன். கேட்டால்தான் என்பதைக் குளிர்ந்த மனதாக நினைக்கிறவர்கள் அந்தக் கைப்பிடியை அறிய மாட்டார்கள்.

ஜூலை 10, வியாழன் – எசல போயா

பௌர்ணமி விடுமுறை, கந்தோர் எல்லாம் பூட்டு. வீட்டுச் சந்திப்பு மட்டும். போயாவில் சாராயக் கடையும் பூட்டு என்பதால் சில வீடுகளில் இன்றைக்குத்தான் தகப்பனோடு நிதானமாகப் பேச முடிகிறது. முந்தின நாளே வாங்கி வைத்திருக்கிற வீடுகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மனைவி எங்களை உள்ளே விடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறோம் என்றார். வாசலிலேயே நின்று பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தோம். அந்த வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும், பகலில், பெண்கள் மட்டும்.

அதே நாள் பின்னேரம்

"மலைநாட்டுச் சபைகள் தோட்டத் துரைமாருக்காகக் கட்டப்பட்டவை, இப்போது ஏழைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. டிக்கோயாவில் 1878இல் எழும்பிய வார்லி கிறிஸ்து ஆலயத்தில் துரைமார் குடும்பங்களின் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் மறு பாதியும் இருக்கிறது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், பெயரே வலிக்கிற பெயர், திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்களின் கால்களில் நடந்தது. கோப்பித் தோட்டக் காலம் அது. இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தை லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டது 1867இல்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசியவர்கள் அந்த உபதேசியார்கள். துரைமாரின் பணமும் அந்த மிஷனுக்குள் வந்தது. அதனால் துரையை எதிர்த்துப் பேச அதற்கு எவ்வளவு தூரம் முடிந்திருக்கும் என்ற கேள்வி எனக்கும் உண்டு.

பின்னாளில் வேறு மாதிரி மனிதர்களும் வந்தார்கள். 1972இல் பாதர் போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூகப் பணி நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று வருடக்கணக்காகப் பாடுபட்டார். அதே 1972இல் ஆயர் லியோ நாணாயக்கார கண்டியை விட்டுப் புதிதாக உண்டான பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். வசதியான இடத்தை விட்டு வறிய இடத்துக்கு விரும்பிப் போன ஆயர். பதுளை அண்ணாவுக்கு இது தெரிந்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் இந்த வாரம் வந்தன. மாலை வகுப்பில் ஒரே சத்தம். நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளை ஒருத்தி நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். உயர்தரத்துக்கு விண்ணப்பிக்க முகவரி எழுதும்போது பேனையை வைத்துவிட்டாள். "மாமி வீட்டு முகவரியப் போடவா டீச்சர்?" இந்த ஒழுங்கையின் பெயரைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு இந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுத மனமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

"எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணவில்லை. எண்ணுவதற்கு யாரையும் நிறுத்தவும் இல்லை.

ஆனால் இன்று நடந்த ஒன்று என்னை அலைக்கழிக்கிறது. ஆராதனை முடிந்து பாய்களைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பட்டியல் போட்ட மூவரில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் வந்து உதவினார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "டீச்சர், ஒரு வாரமா எங்க வீட்டுப் படியேறி வர்றீங்க. நீங்க வாங்கன்னு எங்கள ஒரு நாளும் கூப்பிடலியே. நாங்க உள்ள வந்து ஒக்காந்தா ஒங்க ஆளுகளுக்குப் புடிக்காதோ?"

அவர் மதம் மாறக் கேட்கவில்லை. உட்காரலாமா என்று கேட்டார்.

ஜூலை 15

இரண்டு நாளாக இதே யோசனை. பிரதி திணிக்காததை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். காலமெல்லாம் வாசலோடு நிறுத்தப்பட்டவருக்கு அது இன்னொரு வாசல் நிறுத்தமாகத் தெரிந்திருக்கிறது. எல்லோரையும் கூப்பிடாமல் விடுவது ஒன்று, இவர்களைக் கூப்பிடாமல் விடுவது வேறொன்று. மலைநாட்டில் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள் கலியாணப் பேச்சில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சபைக்குள்ளும் அது இருக்கிறது. குடியிருப்புக் குடும்பம் ஒன்று முன் வாங்கில் உட்கார்ந்தால் பின் வாங்குக்குப் பாட்டுப் புத்தகத்தோடு நகர்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தசமபாகம் கொடுக்கிறவர்கள், ஊழிய வாரத்துக்கு மூட்டை அரிசி அனுப்பியவர்கள். அதுதான் எனக்கு மிகவும் நோகிறது. அரிசி படி இறங்கிப் போகலாம், அதைத் தின்கிறவர் படி ஏறி வரக்கூடாது.

பதுளை அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பார்சலுக்குள் பிரதி வேண்டாம், அதில் மாற்றமில்லை. ஆனால் மரணாதாரச் சங்கத்துக்கும் நமக்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டீர்களே, அது பார்சலில் தெரியாது. வாங்கில் தெரியும், ஒரே தட்டில் தெரியும். அங்கே தெரியவில்லை என்றால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஜூலை 20

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி, தங்கள் சபையிலும் இப்படி ஒரு வாரம் வைக்க என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பணத்தை விட முதலில் இரண்டு மொழியும் தெரிந்த நாலைந்து பேர், அப்புறம் அலுவலக நாளில் லீவு போடக்கூடிய ஒருவர். பட்டியலை அந்த இடத்துப் பெண்களிடம் விடுங்கள். தேர்தல் கிட்ட வரும் காலத்தில் வைக்க வேண்டாம், சாமான் பார்சலைப் பார்த்ததும் எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். கொழுந்து அதிகமான மாதத்திலும் வேண்டாம், பெண்கள் மலையிலிருந்து இறங்கவே பொழுது பட்டுவிடும்.

புடவைக் கடைப் பொடியனின் விண்ணப்பம் போய்விட்டது. தோட்டத்துக்குப் போதகர் ஐயாவே கூடப் போனார். துரை கையெழுத்துப் போட்டார், தேத்தண்ணியும் கொடுத்தாராம்.

ஓகஸ்ட் 3

தலதா மாளிகையின் எசல பெரஹெரா ஊர்வலம் நடப்பதால் நகரத்துக்குள் பின்னேரம் நடமாட ஏலாது, ஆஸ்பத்திரிச் சந்திப்பைக் காலைக்கு மாற்றியிருக்கிறோம். மண்டபத்தில் தங்குகிறவர்கள் மாலைக்கு முன்னமே வந்துவிட வேண்டும்.

வாங்கு விஷயம் கமிட்டிக்குப் போனது. நீண்ட பேச்சு. முடிவு இது: செப்டெம்பரில் அறுப்பின் பண்டிகைக்கு முழு ஒழுங்கையையும் கூப்பிடுகிறோம், சாமான் எதுவும் கொடுக்காத ஒரு நாளில், வீடு வீடாகப் போய், சாப்பிட வாங்க என்று. எந்த வீடும் விடுபடாது. சமையல் குடியிருப்புப் பெண்களின் பொறுப்பு, எங்கள் மாதர் சங்கம் அவர்களுக்குக் கைவேலைக்கு நிற்கும். அவர்கள் சமைத்தால் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று எங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. சாப்பாட்டு ஏற்பாட்டை மாற்றப் போவதில்லை என்று போதகர் ஐயா அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வீடுகளுக்கு நான் தனியாகப் போய்ப் பேசப்போகிறேன். அவர்களும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

முஸ்லிம் குடும்பங்களும் வருவதாகச் சொல்லியிருப்பதால் கோழியை அவர்களே வாங்கித் தருவார்கள், மாட்டுக்கும் பன்றிக்கும் இடமில்லை. சைவச் சமையல் தனி அடுப்பில். எங்களிடம் உள்ள பாத்திரங்கள் சின்னவை. கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கம் யாரிடமாவது பெரிய கிடாரம் இரண்டு இருந்தால் சொல்லுங்கள், ஏற்றி இறக்கும் கூலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.